மைனஸ் நாற்பதில் வைத்த குழல்கள்

பித்தளைக் குழலைக் கடுங்குளிரில் வைத்தெடுத்தால் அதன் நாதம் மேம்படுமா, படாதா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. சிப்பித்துறையில் அதற்காகச் சண்டைபோட்டு மூக்கை உடைத்துக்கொண்டவர்களிடமும் கிடையாது. ஆனால் அப்படி வைத்தெடுத்த குழலைக் கேட்ட மாவு பொங்காது, கள் நுரைக்காது, பால் உறையாது, பிடித்த மீன் நாறாது, பிடுங்கிய கீரை வாடாது என்பதற்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். சத்தியத்தை நம்பாதவர்கள் என் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இது பாதி ஒரே வெள்ளிக்கிழமையில் முளைத்தது.

சிப்பித்துறைக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் உப்பளம். உப்பளத்தைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு ரோடு வெளியே போகும். ஊருக்குள்ளே ஒரு மாதா கோயில், ஒரு ஐஸ் கம்பெனி, கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பேண்டு கொட்டகை. எங்கள் ஊரில் ஒருவன் பிறந்து ஞானஸ்நானத்துக்குப் போகும்போதும் பேண்டு, தாலிகட்டப் போகும்போதும் பேண்டு, பெட்டிக்குள் படுத்துக்கொண்டு போகும்போதும் பேண்டு. பேண்டு இல்லாமல் வந்தவனும் இல்லை, போனவனும் இல்லை. அந்தப் பேண்டுக்கு மாஸ்டர் பெர்க்மான்ஸ் மோத்தா. டிரம்பெட் ஊதுவார். அவருக்குப் பின்னால் இரண்டாவது டிரம்பெட் இன்னாசி, டிராம்போன் லாசர், வயிற்றைக் கட்டிப்பிடித்தமாதிரி யூபோனியத்தைப் பிடித்துக்கொண்டு சவரியான். டிரம் அடிப்பவர்களை விடுங்கள், அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை குறைவு.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு ஊர்க்கமிட்டி பக்கத்து ஊரான பெரியமுனையிலிருந்து பேண்டு கொண்டுவந்துவிட்டது. பெர்க்மான்ஸின் டிரம்பெட் கொட்டாங்கச்சியில் ஊதியதுபோல இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவமானத்தில் மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார். தாயில்லாத ஒரே மகள் சலேத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் அது வேறு காரணம். அப்போதுதான் கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் போனில் சொன்னான்:

"மாமா, இங்க வெள்ளக்காரன் டிரம்பெட்டை ஐஸவிடக் குளிரான புகைக்குள்ள போட்டு எடுக்கான். பித்தளை உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டு நிக்குமாம். குளிர்ல அந்த முறுக்கு விட்டுப்போயி, குரல் திறந்துருமாம்."

"நெசமாவா மாப்ள?"

"எங்க கப்பல் சமையக்காரன் சொன்னான் மாமா."

கப்பல் சமையற்காரன் சொன்னால் அப்பீல் உண்டா? அன்றைக்கே பெர்க்மான்ஸ் ஐஸ் கம்பெனி தொபியாஸ் கொரேராவிடம் போய் நின்றார். அங்கே மைனஸ் நாற்பது ரூம் என்று ஒன்று உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் கணவாய் மீன் அதற்குள்ளே போனால் கல்லாகி வெளியே வரும்.

"வே மாஸ்டர், கணவாய்க்குப் பக்கத்துல வச்சா உம்ம குழலும் கணவாய் மாதிரிதான் பாடும்," என்றார் தொபியாஸ். "நாளைக்குச் சரக்கு ஏத்தக் கதவைத் திறப்பேன். அந்த நேரம் கொண்டுவாரும். உமக்காக ரெண்டாம் வாட்டி திறக்க மாட்டேன்."

இங்கே ஒரு தப்பு நடந்தது. எங்கள் ஊர் வழக்கம் என்னவென்றால், அடக்கம் முடிந்ததும் பேண்டுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவரோரம் போய், குழலுக்குள்ளே மூச்சு குளிர்ந்து தேங்கிய தண்ணீரை அங்கேயே உதறிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். சாவுத்தண்ணி என்பார்கள் அதை. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மறுநாள் மீன் ஏலம் கூறும் கஸ்பாரின் அடக்கம். மண் போட்டு முடிக்கவும் ஐஸ் கம்பெனிக் கதவு திறக்கும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. நாலு பேரும் நாலு குழலையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், உதறவில்லை. கஸ்பார் உயிரோடிருந்த காலமெல்லாம் ஏலத்தில் விலையை முடிக்காமல் "பொறு, பொறு, பொறு" என்று கையை உயர்த்திக்கொண்டே நின்ற மனுஷன். அவனுடைய பொறு-பொறுதான் தண்ணீரோடு தண்ணீராகக் குழலுக்குள் உறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். காரணம் தேடுகிறவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும், கதை கேட்க வரக்கூடாது.

குழல்கள் வெளியே வந்தபோது அவற்றின்மேல் பனி பூத்திருந்தது. பங்குனி வெயிலில் வைத்தும் அது கரையவில்லை, துடைத்தால் திரும்பவும் பூத்தது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தார்கள், உதட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஊதினார்கள். ஊதி முடித்ததும் பெர்க்மான்ஸ் கண்ணில் நீர் வந்தது. "கேட்டீங்களாடே? திறந்துட்டு! குரல் திறந்துட்டு!"

"முன்ன எந்த இடத்துல பிசிறுச்சோ அதே இடத்துலதான் பிசிறுது மாஸ்டர்," என்றான் சவரியான். "இப்போ சில்லுன்னு பிசிறுது. அவ்வளவுதான்."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. திறந்தது என்று பாதிப் பேர், திறக்கவில்லை என்று பாதிப் பேர். கடைசியில் தபசு காலத்தில் கோயில் சிலைகளை மூடும் ஊதாத் துணியை கோயில் ஹாலில் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் பெர்க்மான்ஸை நிறுத்தி, குளிரில் வைத்த டிரம்பெட்டையும் பெரியமுனையிலிருந்து இரவல் வாங்கிய சாதா டிரம்பெட்டையும் மாற்றி மாற்றி ஊதச் சொன்னார்கள். எது எது என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுச் சொன்னது. பூவா தலையா போட்டிருந்தாலும் அதைவிடச் சரியாக வந்திருக்கும். மாதா திருவிழாவில் மயங்கி விழுந்து கேட்கும் சங்கீத ரசிகர்களெல்லாம் இரவல் டிரம்பெட்டைக் கேட்டுவிட்டு, "ஆகா, குளிர்ந்த பித்தளைன்னா இதுதான்," என்றார்கள்.

மனுஷக் காதுக்குத் தெரியாதது மாவுக்குத் தெரிந்தது. சவரியானின் மனைவி ரோசாரி, அப்பம் சுட்டு விற்பவள், கொட்டகைக்குப் பக்கத்து வீடு. ஒருநாள் காலை மாவுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எந்தக் கட்டையில போறவன்ல என் மாவைக் கட்டி வச்சிருக்கது? நேத்து கரைச்ச மாவு. கள்ளு ஊத்தியிருக்கேன். ஒரு குமிழி வரல. ஒரு புளிப்பு இல்ல."

"உன் கைராசி, ஏட்டி," என்றான் சவரியான்.

"என் கைராசியில பொங்குன மாவுலதான் உனக்கு இந்தத் தொப்பை வந்துச்சு."

பானையை உப்பளத்துக்கு அப்பால், குழல் சத்தம் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லைக்கல்லைத் தாண்டியதுதான் தாமதம், மாவு ஒரே மூச்சில் பொங்கிப் பானையை உடைத்துக்கொண்டு தூக்கிவந்தவன் தலைமேல் வழிந்தது. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் ஆச்சரியப்பட நேரமில்லை, ஏனென்றால் அன்றைக்கு வலையில் மத்தி மீன் பாடு அதிகம்.

கடற்கரையில் மத்தியைக் குவித்துவைத்துக் காலையிலும் மாலையிலும் பேண்டை நிறுத்தி ஊதச் சொன்னார்கள், மத்தி கெடவில்லை. அடுத்த நாள் கெடவில்லை, அடுத்த வாரம் கெடவில்லை, கண் கலங்காமல், செவுள் சிவப்பாக, இப்போதுதான் வலையிலிருந்து எடுத்துப் போட்டதுபோல ஊரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. படகுகள் ஐஸ் ஏற்றுவதை நிறுத்தின. தொபியாஸின் ஐஸ் கம்பெனிப் புகைக்குழாயில் காக்கை உட்கார்ந்தது. கொல்லத்துக்குப் போகும் லாரி எல்லைக்கல்லைத் தாண்டியதும் மொத்தச் சரக்கும் கூழாகிப்போனதால், அடுத்த லாரியின் பின்னால் லாசரை உட்காரவைத்து வழியெல்லாம் டிராம்போன் ஊதிக்கொண்டே போகச் செய்தார்கள். ஊர் ஊராகச் சனங்கள் ரோட்டோரம் எழுந்துநின்று, யாரோ பெரிய மனுஷன் பிணம் போகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே பார்த்தால் நெத்திலி.

மனிதர்கள் நாங்களும் மத்தியைப் போலவே ஆகிவிட்டோம் என்பது மெல்லத்தான் தெரிந்தது. முகம் மழித்தால் மழித்தபடி இருந்தது. நகம் வெட்டினால் வெட்டியபடி. பெண் பார்க்கப் போன கர்வாலோ மொழுமொழுவென்று சவரம் செய்துகொண்டு பஸ் ஏறினான். பாளையங்கோட்டையில் இறங்கும்போது நெஞ்சுவரை தாடி, பெண்வீட்டார் யாரோ வெளியூர்ச் சாமியார் என்று நினைத்து வரிசையாக வந்து தோத்திரம் சொன்னார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கயிறு அறுத்த காயம் ஆறாமல், சீழும் பிடிக்காமல், வைகாசியில் பட்டது ஆடியிலும் புதுச் சிவப்பாக இருந்தபோது கொஞ்சம் குறைவாகச் சிரித்தோம். கல்லறைத் தோட்டத்து வேம்பில் பூ காயாகாமல் பூவாகவே நின்றது. குழிவெட்டி மதலேன் தன் மண்வெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு வலை பின்னப் பழகிக்கொண்டான். ஊரில் சாவே இல்லை என்று பெரியவர்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். அந்த மெழுகுவர்த்திகள் மட்டும் ஒழுங்காக எரிந்து தீர்ந்தன.

பிறகு கிழவர் தொம்மையை அவர் பிள்ளைகள் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டக் காரில் ஏற்றினார்கள். நோய் சொல்லும்படி ஒன்றுமில்லை, முழங்கால் வலிதான். எல்லைக்கல்லைத் தாண்டும்போது பேசிக்கொண்டே போனார். தாண்டியதும் பேச்சு நின்றது. கார் திரும்பி வந்து சேர்ந்தபோது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பிள்ளைகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் அன்றைக்குச் செத்தவர் மாதிரி இல்லை. பல மாதத்துக்கு முன்னால் செத்தவர் மாதிரி இருந்தார். கிழவர்தானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அடுத்து வலைக்கடை பெனடிக்ட் போனான். முப்பது வயது, தேக்குக் கட்டைமாதிரி உடம்பு, நூல் வாங்க பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டும்போது வாங்கக் கை வரவில்லை. அவனையும் திறந்து காட்டாமல்தான் புதைத்தோம்.

அதற்குப் பிறகு எல்லைக்கல்லை யாரும் தாண்டவில்லை. லாரிகளும் ஓடவில்லை, மீனை நாங்களே தின்றோம். எங்களில் சிலர் செத்துப்போயிருந்தோம், எந்தச் சிலர் என்றுதான் தெரியவில்லை. காலையில் குழாயடியில் பார்த்தவளை, மாலையில் சீட்டாட வந்தவனை, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு கேட்டவனை, இவனாக இருக்குமோ என்று பார்த்தோம்; அவனும் அப்படியே பார்த்தான். ஊரில் சண்டை ஒழிந்தது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பது எங்கள் மரியாதை. எவன் செத்தவன் என்று யார் கண்டது? எல்லாரும் எல்லாரிடமும் பெட்டிக்குள் இருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாக, நல்ல வார்த்தையாகப் பேசினோம். அந்த அன்பைப்போலப் பயங்கரமானதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பெர்க்மான்ஸுக்கு மட்டும் அது பொற்காலம். கொட்டாங்கச்சி என்று சொன்ன வாய்களெல்லாம் அவர் கையை முத்தமிட்டன. அவர் தும்மினால் ஊர் நடுங்கியது. முட்டையும் ஈரலும் வீடு தேடி வந்தன, உதட்டுக்குத் தடவச் செக்கிலாட்டிய எண்ணெய் வந்தது. அவரும் காலையும் மாலையும் தவறாமல் ஊதினார். நன்றாக ஊதினார் என்று எல்லாரும் சொன்னார்கள். மோசமாக ஊதினாலும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் வீட்டுக்குள்ளே சலேத் இருந்தாள். வைகாசியில் பெற்றிருக்க வேண்டியவள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, வயிறு ஒரு நூல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நர்சு ஜெசிந்தா வந்து காதுக்குழலை வைத்துப் பார்த்து, "துடிப்பு இருக்கு, நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எல்லைக்கல்லுக்கு அப்பால் கூட்டிப்போகலாம் என்றால், இத்தனை மாதமும் ஒரே நொடியில் அந்த உடம்புக்குள் பாயும்; மாவுப்பானை என்ன ஆயிற்று என்று ஊரே பார்த்திருந்தது.

ஒருநாள் அவர் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, இது உள்ள திரும்பித் திரும்பிப் படுக்கு."

"நல்லதுதானம்மா."

"நல்லதில்லப்பா. முதல்ல விளையாடுச்சு. இப்போ விளையாடல. மோதிப் பாக்குது. வாசல் எங்கன்னு தேடுது. நீங்க ஊத ஆரம்பிச்சதும் சுருண்டுக்கிடுது. உங்க சத்தம் கேட்டா என் பிள்ளை பயப்படுதுப்பா."

பெர்க்மான்ஸ் அன்றைக்கு மாலை ஊதினார், ஆனால் கடற்கரையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை, தொபியாஸிடம் போனார். காலியான ஐஸ் கம்பெனியில், ஈரமில்லாத தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தொபியாஸ். சுகர் உண்டு, நெஞ்சில் அடைப்பு உண்டு. பெர்க்மான்ஸ் மகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஐஸ்ல உறஞ்ச மீனை வெந்நீர்ல போட்டா சதை வெடிச்சிரும் மாஸ்டர். ஒரே அடியா நிப்பாட்டாதீரும். ஒரு ரூம்லருந்து அடுத்த ரூம், அதுலருந்து வாசல்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் இளக்கணும். நாலு குழல் இருக்குல்லா? ஒவ்வொண்ணா வாயடைச்சிட்டு வாரும். ஒண்ணை நிப்பாட்டி, ஊரு அதுக்குப் பழகட்டும், பிறகு அடுத்தது."

"நிப்பாட்டுனா நீரு இருப்பீரா தொபியாஸ்?"

"தெரியாதுவே. நீரு இருப்பீரா?"

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பெர்க்மான்ஸ் விஷயத்தைச் சொன்னார்.

"ஒத்தப் பிள்ளைக்காக ஊரையே காவு கொடுக்கணுமா மாஸ்டர்?" என்றான் கர்வாலோ.

"உன் பேரு அந்தக் காவுல இருக்குன்னு யாருடே சொன்னா?"

"இல்லைன்னு நீரு சொல்லும் பாப்போம்!"

"நிப்பாட்டணும்னு நான் சொல்லுதேன்," என்று எழுந்தார் தொபியாஸ். "என் நெஞ்சு எப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

"உமக்கு ஐஸ் விக்கணும்வே!" என்றது ஒரு குரல். பல மாதத்துக்குப் பிறகு ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சிரித்துவிட்டு, சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது சலேத் கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சாமியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, கடைசியா எப்போ ஞானஸ்நானம் கொடுத்தீங்க?"

"பாஸ்காத் திருநாளுக்கு முந்தி, மகளே."

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"சிலந்தி இருக்கு," என்றார் சாமியார்.

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஊர்ல என்னைச் சேத்து ஏழெட்டுப் பேர் வயித்தைத் தூக்கிக்கிட்டு அலையுதோம். எங்ககிட்ட யாரும் நல்ல வார்த்தை பேச வேண்டாம். நான் அனுமதி கேக்கவும் வரல. ஊதுறவன் வாயை எடுத்தா முடிஞ்சது. வேணுங்கிறவன் குழலை வாங்கி ஊதிக்கிடுங்க."

கர்வாலோ பாய்ந்துபோய் இன்னாசியின் டிரம்பெட்டைப் பிடுங்கி ஊதினான். எருமை செருமியதுபோல ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் தடவாத உதடு பனியில் ஒட்டிக்கொண்டது, இழுத்ததில் தோல் குழலோடு போயிற்று. இரத்தம் வழிய நின்றவனைப் பார்த்து ரோசாரி சொன்னாள்: "உம்ம குரல் திறந்துட்டு மச்சான்."

முதலில் யூபோனியத்தைக் கீழே வைத்தது சவரியான். தியாகமெல்லாம் ஒன்றுமில்லை. "பொங்காத மாவுக்கு இவகிட்ட எத்தனை நாள் பதில் சொல்ல?" என்றான். அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் தாடி பாதி முளைத்தது, பெண்களின் கூந்தல் ஒரு சாண் இறங்கியது, கரையில் கிடந்த மத்தியின் கண்கள் கலங்கின. சலேத்தின் வயிறு கீழே இறங்கிற்று. மூன்று கிழடுகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் பேண்டு வைக்கவில்லை. வைத்தால் பாதி வழியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயம். டிரம் மட்டும் அடித்துக்கொண்டு போனோம். குழல் இல்லாமல் போன முதல் பிணங்கள் அவை. மதலேன் அதற்குப் பிறகு மண்வெட்டியைச் சுவரில் மாட்டவேயில்லை.

ஊர் அதற்குப் பழகியதும் இன்னாசி நிறுத்தினான். வேப்பம்பூ உதிர்ந்து காய் பிடித்தது. பழைய காயங்கள் சீழ்கட்டி, உடைந்து, ஆறின. கரையில் கிடந்த மத்தி நாற ஆரம்பித்தது. அந்த நாற்றத்தைச் சிலர் போய் நின்று மூச்சிழுத்து முகர்ந்தார்கள். சலேத்துக்கு இடுப்பில் லேசாக வலி கண்டது. குழாயடியில் குடத்தை வைத்த சிசிலி, எங்கள் எல்லாருக்கும் மதினி, குடம் நிறைவதற்கு முன் சரிந்தாள், நாற்பதுகூட இருக்காது. தண்ணீர் வழிந்தோடியது. குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை, அவள் பிடித்த குழாய் என்று.

லாசர் மறுத்துவிட்டான். அவன் தாய் மொடுத்தம்மாள் பங்குனியிலேயே, சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் எண்ணெய் தொட்டுவைக்கும் அவஸ்தைப்பூசுதல் வாங்கிப் படுத்தவள், படுத்தபடியே கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் ஊதிக்கொண்டே இருந்தான், ஊதி ஊதிக் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் காலையில் கிழவி கண்ணைத் திறந்தாள்.

"எலேய் லாசர், கடைசிப் பாலுன்னு என் வாயில ஊத்துனியே, அந்த ருசி இன்னும் நாக்கைவிட்டுப் போவலல. வேற ருசியும் ஏறல. எனக்கு வெறுத்துப்போச்சுல. நிறுத்து."

"நிறுத்துனா போயிருவியேம்மா."

"போனா வருவேன்னா சொன்னேன்? நிறுத்துலங்கேன்."

அவன் டிராம்போனைச் சுவரில் சாய்த்தான். அவள் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துக்கொண்டாள், திருப்திதான் போலிருந்தது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி சலேத்துக்குப் பனிக்குடம் உடைந்தது.

இனி பெர்க்மான்ஸின் டிரம்பெட் ஒன்றுதான் பாக்கி. அவர் நிறுத்தவேண்டியதுதான், சொன்னவர் அவர், கெஞ்சியவர் அவர், அடுத்தவன் தாயைக் கேட்டு வாங்கியவர் அவர். ஊரே அவர் வீட்டுத் தெருவில் வந்து நின்றது. நிறுத்தாதே என்று காலில் விழப் பாதிப் பேர் வந்திருந்தார்கள், எது வந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாக வரட்டும் என்று மீதிப் பேர். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகள் படுத்திருந்த அறையின் சன்னலைப் பார்த்து நின்று ஊதிக்கொண்டிருந்தார். நிறுத்துவார், நிறுத்துவார் என்று பார்த்தோம். அவர் நிறுத்தவில்லை. ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்த பாட்டைத் தொடங்கினார், மூச்சு வாங்கும் இடைவெளிகூடத் தெரியாமல், கல்யாணப் பாட்டிலிருந்து மாதா பாட்டுக்கும் அதிலிருந்து சாவுப் பாட்டுக்கும் போய்த் திரும்பிவந்தார்.

நர்சு ஜெசிந்தா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "மாஸ்டர், தலை தெரியுது. அதுக்கு மேல வரமாட்டேங்குது. வலியும் ஏறல, இறங்கல. நிறுத்துங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் உயரம். அதில் மகள் வெடித்துப்போனால்? அந்த மூச்சு அவர் நெஞ்சில் இருக்கும்வரை அவள் இருப்பாள், வலியோடென்றாலும் இருப்பாள். எங்களுக்கும் அது புரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்களில் யாரும், தொபியாஸ் உட்பட, நிறுத்தும் என்று வாய் திறக்கவில்லை. வெயில் ஏறியது. டிரம்பெட்டின்மேல் பனி பூத்துக்கொண்டே இருந்தது. ஊதுகிறாரே, எவ்வளவு நன்றாக ஊதுகிறார் என்று எனக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். உண்மையில் நன்றாகத்தான் ஊதினார், அது குளிர்ந்த பித்தளையா, பயந்த தகப்பனா என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது.

அப்போது சன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. வியர்த்து, வளையல்கள் முழங்கைவரை சறுக்கிய கை. கட்டிலிலிருந்து எப்படி எழுந்தாள், எப்படிச் சன்னல்வரை நடந்தாள் என்று ஜெசிந்தாவுக்கும் தெரியாது. அந்தக் கை டிரம்பெட்டின் விரிந்த வாயில் உள்ளங்கையைப் பொருத்தி அடைத்தது. பனி அந்தக் கையைக் கவ்வியது, அவள் எடுக்கவில்லை. சத்தம் அவள் கைக்குள்ளே முட்டி, திணறி, சிணுங்கிற்று.

"போதும்பா," என்றாள் சலேத். "நீங்க பயந்தது போதும். இனி நானும் என் பிள்ளையும் எங்க பாட்டைப் பாத்துக்கிடுதோம். வாயை எடுங்க."

பெர்க்மான்ஸ் வாயை எடுத்தார்.

அவள் கை பிய்த்துக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு வந்த அமைதியை நாங்கள் பல மாதமாகக் கேட்டிருக்கவில்லை. அதில் கடல் இருந்தது, ஈ இருந்தது, எங்கோ ஒரு பானையில் மாவு குமிழிவிடும் சத்தம் இருந்தது. உள்ளே சலேத் அலறினாள், அந்த அலறலுக்குள் எத்தனை மாதம் இருந்தது என்று தெருவிலிருந்த ஒவ்வொரு தாயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அலறல் அறுந்தது. நாங்கள் காத்திருந்தோம். பிறகு வீல் என்று, கரகரத்து, கோபமாக, வெகுநேரம் கதவைத் தட்டித் திறக்காதவன் திட்டுவதுபோல, ஒரு பிள்ளையின் அழுகை வந்தது. அதற்குமேல் அவளுடைய குரலும் வந்தது, தண்ணீர் கேட்டு.

அதே நேரத்தில் கூட்டத்துக்குள், எங்களுக்குப் பின்னாலோ நடுவிலோ, யாரோ ஒருவர் மெல்ல மண்ணில் உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொருவர். சன்னலோரம் பெர்க்மான்ஸ் சுவரில் சாய்ந்து நின்றார், நின்றாரா சாய்ந்திருந்தாரா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. யார் யாரென்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. அவரவர் மூக்குக்குக் கீழே அவரவர் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகுதான், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆணா பெண்ணா என்று கேட்டோம்.